நிறம் மாறாத ஒப்பனை

வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த முகம் பேருந்து நிறுத்தத்து வெயிலில் வேறாகத் தெரியும். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். மூக்கின் இரண்டு பக்கமும் பவுடர் திட்டுத் திட்டாக நிற்கும். மதியத்துக்குள் கண்மை இறங்கி, கண்ணுக்குக் கீழே கறுப்பாக அப்பியிருக்கும். ‘எனக்கு மேக்கப் ஒத்துவராது’ என்று பல பெண்கள் முடிவு கட்டுவது இந்த மூன்றையும் பார்த்துத்தான். மூன்றுக்கும் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. காரணம் தெரிந்தால் சரிசெய்வது கடினமில்லை.

தினமும் போடும் ஒப்பனைக்கு ஒரு விதி போதும்: முகத்தின் நிறத்தை மாற்றாதீர்கள், ஆங்காங்கே மாறிப்போன நிறத்தை மட்டும் சமப்படுத்துங்கள். எந்த ஷேடு வாங்குவது, எவ்வளவு எடுப்பது, எங்கே பூசுவது, எங்கே பூசாமல் விடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு விதியே பதில் சொல்லிவிடும்.

முகம் சாம்பல் பூப்பது ஏன்?

ஃபவுண்டேஷன், கன்சீலர், காம்பாக்ட் என்று எதை எடுத்தாலும் அதன் நிறம் பெரும்பாலும் நான்கு நிறமிகளின் கலவைதான். வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு மூன்று வகை இரும்பு ஆக்சைடுகள். நம் ஊர்ச் செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பதும் இரும்பு ஆக்சைடுதான். ஒப்பனைப் பொருளில் சேர்ப்பதைத் தொழிற்சாலையில் தூய்மையாகத் தயாரிக்கிறார்கள். இந்த நான்கையும் கூட்டிக் குறைத்துத்தான் கடையில் வரிசையாக நிற்கும் அத்தனை ஷேடுகளையும் உருவாக்குகிறார்கள்.

வெளிர் ஷேடு என்றால் அதில் வெள்ளை நிறமி கூடுதல் என்று பொருள். அதை மாநிறத் தோலிலோ கறுப்புத் தோலிலோ பூசும்போது அடியில் இருக்கும் பழுப்பு முழுவதுமாக மறைவதில்லை. வெள்ளைப் படலத்தின் ஊடே மங்கலாகத் தெரிகிறது. பழுப்பின் மேல் மெல்லிய வெள்ளை படிந்தால் நம் கண்ணுக்கு அது சாம்பலாகத்தான் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளானாலும் இது மாறாது. ஆகவே சாம்பல் பூத்தால் குறை உங்கள் தோலில் இல்லை, ஷேடில் இருக்கிறது.

டால்கம் பவுடரிலும் நடப்பது இதுதான். டால்க் ஒரு வெள்ளைக் கனிமம். பாண்ட்ஸ், குட்டிகூரா டப்பாக்களோடு வளர்ந்த வீடுகளில் முகம் கழுவியதும் பவுடர் போடுவது கை தானாகச் செய்யும் வேலை. வியர்வை பட்டதும் அந்தத் துகள்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாகி, புருவ ஓரத்திலும் மூக்கு மடிப்பிலும் வெள்ளையாக ஒதுங்கிவிடும். டால்கம் பவுடர் உடம்போடு இருக்கட்டும், முகத்துக்கு வேண்டாம்.

ஷேடைத் தவறாக எடுப்பதற்குப் பின்னால் பழைய எண்ணம் ஒன்றும் இருக்கிறது. வெளுப்பாகத் தெரிவதுதான் அழகு என்று நமக்குத் தலைமுறைகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. பெயரிலிருந்த ‘ஃபேர்’ போய் ‘குளோ’ ஆனது 2020இல்தான். இடையில், 2009இல், சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ என்ற அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. பிறகு நடிகை நந்திதா தாஸ் அதற்காகப் பேசினார். இவ்வளவுக்குப் பிறகும் கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு ஷேடு ஏற்றிப் போடச் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. கேட்பவர்கள் அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் அப்படிப் போடும்போது அந்தப் பெண்ணின் சொந்த முகம் அவளுடைய கல்யாணப் படத்திலேயே இல்லாமல் போகிறது. தினசரி ஒப்பனையிலாவது இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

எதைச் சமப்படுத்தப் போகிறோம்?

பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் அருகே கண்ணாடியோடு நின்று, ஒன்றும் பூசாத முகத்தைப் பாருங்கள். நம் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம். தோலுக்கு ஒரு காயமோ எரிச்சலோ வந்தால் அந்த இடத்தில் மெலனின் இன்னும் கூடிவிடும். பரு ஆறிய பிறகும் அதன் கரும்புள்ளி மாதக்கணக்கில் தங்குவது இதனால்தான். கன்னத்து எலும்பின் மேலும் நெற்றியிலும் பழுப்புத் திட்டாகப் படர்வது மங்கு. வாயைச் சுற்றிலும், மூக்கின் ஓரத்திலும் சற்றுக் கறுத்திருப்பது நம்மில் மிகப் பலருக்கு இயல்பு.

கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையில் மூன்று வகை உண்டு. பழுப்பாக இருந்தால் நிறமி. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. நீலம் கலந்திருந்தால் மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாய்களின் நிறம். மூன்றாவது வகை குழிவால் விழும் நிழல். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: ஜன்னலுக்கு நேராக நின்று முகவாயைச் சற்றுத் தூக்குங்கள். வெளிச்சம் நேராக விழும்போது கருமை மறைந்தால் அது நிழல். நிழல் மேல் எவ்வளவு கன்சீலர் பூசினாலும் போகாது. அப்பிய கன்சீலர் சுருக்கங்களில் இறங்கிக் கோடாகத் தெரிவதுதான் மிச்சம். அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

இப்படிப் பார்த்தால் மறைக்க வேண்டிய இடங்கள் முகத்தில் நான்கைந்துதான் தேறும். மீதியெல்லாம் நல்ல தோல். அதை மூட வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் வெயிலுக்குக் காப்பு

ஒப்பனை தொடங்குவது சன்ஸ்கிரீனில். மங்கும் கரும்புள்ளியும் வெயிலில் அடர்ந்துகொண்டே போகும். காலையில் கன்சீலரால் மறைத்ததை மாலைக்குள் வெயில் கூட்டிக்கொண்டிருக்கும். தோலுக்குக் காப்பு இருந்தால் நாளடைவில் மறைக்க வேண்டியதே குறையும்.

முகத்தைக் கழுவி, ஈரம் முழுவதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போடுங்கள். எண்ணெய் வழியும் முகத்துக்கும் இது தேவை. அப்படிப்பட்ட முகத்துக்கு ஜெல் வகை ஏற்றது. அதன் மேல் சன்ஸ்கிரீன். அதில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் யுவிபி கதிரைத் தடுக்கும் அளவைக் குறிக்கிறது. எஸ்பிஎஃப் 30 அந்தக் கதிரில் சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். எண்ணைக் காட்டிலும் பூசும் அளவுதான் முக்கியம். சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் ஒரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும். யுவிஏ கதிருக்கான காப்பை ‘பிஏ’ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகள் சொல்லும். மூன்று, நான்கு குறி உள்ளதாகப் பாருங்கள். ஃபவுண்டேஷனில் எஸ்பிஎஃப் இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடக் கூடாது. அந்த எண்ணுக்குரிய பலன் கிடைக்கும் அளவுக்கு ஃபவுண்டேஷனை யாரும் பூசுவதில்லை.

மங்கு உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் நம் போன்ற அடர்நிறத் தோலில் கருமையைக் கூட்டும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு. ஆகவே நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன், அதாவது டின்டட் சன்ஸ்கிரீன், அவர்களுக்கு இரட்டைப் பயன் தரும்: திட்டும் மங்கலாகும், காப்பும் கிடைக்கும். உங்கள் நிறத்துக்குப் பொருந்தும் ஒன்று கிடைத்தால் பல நாட்களில் ஃபவுண்டேஷனே தேவைப்படாது.

சன்ஸ்கிரீன் பூசிவிட்டு ஐந்து நிமிடமாவது விடுங்கள். அந்த நேரத்தில் தலை வாரலாம், புடவை கட்டலாம். அது படியாமல் இருக்கும்போது மேலே எதைத் தேய்த்தாலும் அழுக்குத் திரளுவதுபோல உருண்டு வந்துவிடும்.

ஷேடு பார்க்கும் முறை

கடையில் பெரும்பாலும் புறங்கையில் பூசிக் காட்டுவார்கள். கையின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றல்ல. தாடை ஓரத்தில், முகமும் கழுத்தும் சேரும் இடத்தில் பூசிப் பாருங்கள். உங்களுக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றுவது ஒன்று, அதற்கு ஒரு படி அடர்ந்தது, ஒரு படி வெளிறியது என மூன்று கோடுகள் போடுங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுதான் உங்களுடையது.

அதோடு வாங்கிவிடாதீர்கள். கடை விளக்கை விட்டு வெளியே வந்து, பகல் வெளிச்சத்தில், கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். பல ஃபவுண்டேஷன்கள் தோலின் எண்ணெயோடு சேர்ந்த பிறகு சற்று அடர்ந்துவிடும். மஞ்சள் பூசிக் குளித்த அன்று ஷேடு பார்க்கப் போக வேண்டாம். அந்த நிறம் கணக்கைக் கெடுக்கும்.

அடுத்தது அண்டர்டோன், அதாவது தோலின் அடிநிறம். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்லும் சோதனை நம் நிறத்துக்கு அவ்வளவாக உதவாது. பழுப்புத் தோலின் ஊடே பலருக்கு நரம்பு பச்சையாகத்தான் தெரியும். அதைவிடத் தாடையில் போட்ட கோடு உண்மை சொல்லும். அடர்த்தி சரியாக இருந்தும் கோடு ரோஸாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் உங்களுக்கு இன்னும் மஞ்சள் சாய்ந்த ஷேடு வேண்டும். ஆரஞ்சாகத் தெரிந்தால் மஞ்சளும் சிவப்பும் குறைந்த, நடுநிலையான ஷேடு வேண்டும். இரண்டுமே ஒட்டாமல் போனால் இளம்பச்சை சாய்ந்த ஆலிவ் ஷேடைப் பாருங்கள். தென்னிந்திய முகங்களில் பலவற்றுக்கு அது அழகாக அமைகிறது.

நெற்றியும் முக ஓரங்களும் கன்னத்தைவிடக் கறுத்திருப்பது நம்மிடம் சாதாரணம். அப்படியிருக்கக் கன்னத்து நிறத்துக்கு ஷேடு எடுத்து முகம் முழுதும் பூசினால் முகமூடி மாட்டியதாகத் தெரியும். கழுத்து நிறத்தோடு சேர்வதை எடுத்து, முகத்தின் நடுவில் மட்டும் பூசி ஓரத்தை அப்படியே விட்டால் இயல்பாக இருக்கும்.

கடையில் உங்கள் நிறமே இல்லை என்றால் இருப்பதில் ஒன்றை எடுத்துச் சமாளிக்காதீர்கள். 2017இல் பாடகி ரியானாவின் ‘ஃபென்டி பியூட்டி’ 40 ஃபவுண்டேஷன் ஷேடுகளோடு வந்த பிறகு பல நிறுவனங்கள் அடர்நிறங்களைக் கூட்டின. இந்திய நிறுவனங்களிலும் இன்று தேர்வு முன்பைவிட அதிகம். சரியான நிறம் கிடைக்கும்வரை சன்ஸ்கிரீனும் கொஞ்சம் கன்சீலரும் போதும்.

எங்கே பூசுவது, எங்கே விடுவது

இயல்பான தோற்றத்தின் பெரும்பகுதி இந்த ஒரு படியில்தான் இருக்கிறது. வரிசை இப்படி:

கருவளையம் பழுப்பாகவோ நீலமாகவோ இருந்தால் முதலில் பீச் அல்லது ஆரஞ்சு நிற கரெக்டர். நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு. இரண்டும் சேரும்போது ஒன்றை ஒன்று அடக்கிவிடும். மாநிறத்துக்குப் பீச், அடர்நிறத்துக்கு ஆரஞ்சு. கருமை இருக்கும் இடத்தில் மட்டும், அரிசி அளவு எடுத்து, மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். அந்த விரலுக்குத்தான் அழுத்தம் குறைவு.

அதன் மேல் தோல் நிறக் கன்சீலர். கண்ணுக்குக் கீழே ஒரு ஷேடு வெளிறியதைப் போடச் சொல்வார்கள். தினசரிக்கு உங்கள் நிறத்திலேயே போடுங்கள். பரு வடு மேல் ஒரு புள்ளி வைத்து, அரை நிமிடம் காயவிட்டு, ஓரத்தை மட்டும் தட்டிக் கலக்குங்கள். நடுவைத் தேய்த்தால் மறைத்தது போய்விடும்.

இவ்வளவும் செய்தபின் கண்ணாடியைப் பாருங்கள். பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கும். இன்னும் சமன் வேண்டும் என்று தோன்றினால் ஃபவுண்டேஷன், ஸ்கின் டின்ட், பிபி கிரீம் இவற்றில் ஒன்றைப் பட்டாணி அளவு எடுங்கள். மூக்கைச் சுற்றி, வாயைச் சுற்றி, நெற்றி நடுவில் வைத்து, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் உள்ளிருந்து வெளியே தட்டிக்கொண்டு போங்கள். காதருகே போகும்போது ஸ்பாஞ்சில் ஒன்றும் மிச்சமிருக்கக் கூடாது. மச்சம் இருந்தால் தெரியட்டும். தோல் தோலாகத் தெரிவதுதான் நோக்கம்.

பவுடர் கடைசியில், மிகக் கொஞ்சம். நிறமற்றதாகச் சொல்லி விற்கும் பவுடர்களில் சில நம் தோலில் வெள்ளையடிக்கும். மஞ்சள் அல்லது பழுப்பு சாய்ந்ததாக வாங்குங்கள். மூக்கு, நெற்றி நடு, முகவாய் இந்த மூன்றில் மட்டும் பிரஷால் ஒற்றுங்கள். கன்னத்தில் வேண்டாம். அங்கே இருக்கும் லேசான மினுமினுப்புதான் முகத்துக்கு உயிர். கிரீம் வகைகளையெல்லாம் முடித்த பிறகே பவுடர் போட வேண்டும். பவுடர் மேல் கிரீம் பூசினால் திட்டாகும்.

கன்னத்துக்கு நிறம்

நிறத்தைச் சமப்படுத்தியதும் முகம் சற்றுத் தட்டையாகத் தெரியும். வெயில் பட்டதும் நடந்ததும் இயல்பாக வரும் சிவப்பையும் சேர்த்து நாம் மூடிவிட்டதால் அப்படி. பிளஷ் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. வெளிர் ரோஸ் நம் நிறத்தில் ஒன்று தெரியாது, இல்லை சாம்பலாகும். மாநிறத்துக்குப் பவளம், செங்கல் சாய்ந்த ஆரஞ்சு, அடர் ரோஸ். அடர்நிறத்துக்கு நாவல்பழ ஊதா, ஒயின் சிவப்பு, நல்ல செவ்வாரஞ்சு. டப்பாவில் பார்க்கும்போது பயமுறுத்தும் நிறம் அடர்ந்த கன்னத்தில் மென்மையாக உட்காரும்.

தினசரிக்குக் கிரீம் பிளஷ் எளிது. சிரிக்கும்போது மேடாகும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வைத்து, நெற்றிப்பொட்டை நோக்கி விரலால் தட்டிக் கலக்குங்கள். பிளஷும் உப்பும் ஒரே கணக்கு: குறைந்தால் சேர்க்கலாம், கூடிவிட்டால் எடுப்பது சிரமம். தனியாகப் பிளஷ் வாங்க வேண்டியதில்லை. உதட்டுக்குப் பூசும் கிரீம் லிப்ஸ்டிக்கே போதும். உதடும் கன்னமும் ஒரே குடும்பத்து நிறமாக இருந்தால் முகம் சிரமமில்லாமல் ஒத்திசையும்.

புருவமும் கண்ணும்

திரெடிங் செய்த புருவத்தில் முடி குறைந்த இடங்கள் மட்டுமே நிரப்பப்பட வேண்டும். நம் முடி கறுப்பு என்பதால் கறுப்புப் பென்சிலை எடுத்தால் புருவம் வரைந்ததாகத் தெரியும். அடர் பழுப்பு சரியாக இருக்கும். முடி வளரும் திசையில் குட்டிக் குட்டிக் கோடுகள் போட்டு, பழைய மஸ்காரா பிரஷைக் கழுவி வைத்திருந்தால் அதனால் வாரிவிடுங்கள். புருவத்தின் முன்பகுதியை லேசாக விடுங்கள்.

கண்மை நம் முகத்துக்குச் சொந்தமானது. விளக்கெண்ணெய் விளக்கின் கரியை எடுத்து, அதே எண்ணெயிலோ நெய்யிலோ குழைத்து மை செய்த வீடுகள் இருந்தன. இன்றைய மை அநேகமாகப் பென்சிலில் வருகிறது. அது மதியத்துக்குள் இறங்குவதற்குக் காரணம் இரண்டு: கண்ணீரின் ஈரம், கண்ணடித் தோலில் இருக்கும் எண்ணெய். கீழ் இமையின் உள்விளிம்பில் அழுத்திப் பூசினால் இரண்டும் சேர்ந்து மையைக் கரைக்கும். மேலும் கண்ணீரை ஆவியாகாமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் அந்த விளிம்பில்தான் திறக்கின்றன. தடிமனாகப் பூசும் மை அங்கே எரிச்சல் தரலாம். அதனால் மையை இமைமுடியின் வேர்களுக்கு வெளிப்பக்கமாக, மெல்லியதாக இழுங்கள். அதன் மேல் அடர் பழுப்பு ஐஷேடோவைச் சின்னப் பிரஷால் ஒற்றினால் மை பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குக் கீழே கிரீம் அதிகமாக இருந்தால் எந்த மையும் இறங்கும். மை போடும் முன் அந்த இடத்தை டிஷ்யூவால் ஒருமுறை ஒற்றிவிடுங்கள்.

மேல் இமைக்கு மஸ்காரா ஒரு பூச்சு. வியர்வைக்கு நிற்க வாட்டர்புரூஃப் இருக்கிறது. அதைவிட ‘டியூபிங்’ வகை வசதி. அது ஒவ்வொரு முடியையும் உறையாகச் சுற்றிக்கொள்ளும், இரவில் வெதுவெதுப்பான நீரில் கழன்று வந்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் லென்ஸ் போட்ட பிறகு ஒப்பனை செய்து, லென்ஸைக் கழற்றிய பிறகு கலைக்க வேண்டும். கண்ணுக்குப் போடும் எதையும் அக்கா தங்கையோடுகூடப் பகிர வேண்டாம். மெட்ராஸ் ஐ ஊரில் சுற்றும் நாட்களில் ஒரே மைப் பென்சில் வீடு முழுவதும் நோயைக் கொண்டுபோகும். பிறந்த குழந்தையின் கண்ணுக்கு எந்த மையும் வேண்டாம். பழைய முறை மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் இருந்த உதாரணங்கள் உண்டு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

உதடு

நம்மில் பலருக்கு மேலுதடு அடர்ந்தும் கீழுதடு ரோஸாகவும் இருக்கும். கடையில் ‘நியூட்’ என்று விற்பவற்றில் பல வெளிர் பழுப்பு. நம் உதட்டில் அவை காய்ச்சல்காரர் தோற்றம் தரும். உங்கள் உதட்டின் நிறத்தைவிட ஒன்றிரண்டு படி அடர்ந்ததை எடுங்கள்: செங்கல், பழுப்பு ரோஸ், கத்திரிப்பூ சாய்ந்த சிவப்பு. முதலில் எஸ்பிஎஃப் உள்ள லிப் பாம் போட்டு, மற்ற வேலை முடியும்வரை ஊறவிட்டு, மிச்சத்தை ஒற்றி எடுங்கள். லிப்ஸ்டிக்கை நடுவில் வைத்து விரலால் ஓரத்துக்குத் தட்டினால் கோடு விழாது; சாப்பிட்ட பிறகு பாதி போனாலும் அசிங்கமாகத் தெரியாது.

பொட்டு

பொட்டு வைப்பவர்கள் அந்த இடத்தில் ஃபவுண்டேஷனும் பவுடரும் இல்லாமல் விட்டால் ஸ்டிக்கர் நாளெல்லாம் நிற்கும். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஸ்டிக்கர் ஒட்டியவர்களில் சிலருக்கு நெற்றியில் வெள்ளைப் புள்ளி விழுவதுண்டு. பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் போன்ற வேதிப்பொருள்கள் நிறமிச் செல்களை அழிப்பதால் வருவது அது. இரவில் பொட்டை எடுத்துவிடுங்கள். அரிப்போ நிறமாற்றமோ தெரிந்த அன்றே ஸ்டிக்கரை நிறுத்தித் தோல் மருத்துவரைப் பாருங்கள். சாயக் குங்குமத்தாலும் சிலருக்கு ஒவ்வாமை வரும்.

வியர்வையோடு ஒரு நாள்

சென்னையிலோ தூத்துக்குடியிலோ மே மாதத்தில் வியர்க்காமல் தடுக்க எந்தப் பொருளாலும் முடியாது. பூசுவது எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நன்றாக அது வியர்வையைத் தாங்கும். தடித்த பூச்சு வெடித்து வழியும். மெல்லிய பூச்சு மங்கினாலும் யாருக்கும் தெரியாது. வியர்த்தால் துடைக்காதீர்கள், கைக்குட்டையால் ஒற்றுங்கள். எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால் மட்டும் பவுடர். ஒற்றாமல் பவுடர் மேல் பவுடர் போட்டால் மாலையில் மாவு பூசியதாகத் தெரியும். வெயிலில் நிற்கும் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் மறுபடி வேண்டும். முகத்தை ஒற்றிவிட்டு ஸ்பாஞ்சில் எடுத்துத் தட்டினால் ஒப்பனை கலையாது.

இரவில் கலைக்க வேண்டும்

சன்ஸ்கிரீனிலும் ஒப்பனையிலும் எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்கள் அதிகம். தண்ணீருக்கு எளிதில் அசையாது. முதலில் கிளென்சிங் பாம், கிளென்சிங் ஆயில், மைசெல்லர் வாட்டர் இவற்றில் ஒன்றால் கரைத்து எடுத்து, பிறகு ஃபேஸ்வாஷ். தேங்காய் எண்ணெய் மையைக் கரைக்கும். ஆனால் தோலின் துளைகளை அடைக்கக்கூடும் என்பதால் பரு வருபவர்கள் தவிர்க்கலாம். ஸ்பாஞ்சையும் பிரஷையும் வாரம் ஒருமுறை சோப்பில் கழுவி நிழலில் முழுவதும் காயவையுங்கள். ஈரத்தோடு பையில் போட்ட ஸ்பாஞ்சில் பூஞ்சை பிடிக்கும். ‘மேக்கப் போட்டால் பரு வருகிறது’ என்ற புகார்களில் பலவும் கழுவாத ஸ்பாஞ்சிலும் கலைக்காத இரவுகளிலும் தொடங்குபவை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இந்தியாவில் விற்கும் ஒப்பனைப் பொருளின் மேல் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், சேர்மானங்கள், எப்போதுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பவை அச்சாகியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளில் இறக்குமதிப் பதிவு எண் இருக்கும். இவை இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முக்கியமாக, ஒரே வாரத்தில் வெளுக்கும் என்று ஆளுக்கு ஆள் கைமாற்றி விற்கும் கிரீம்களை. அவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் பல முறை சிக்கியிருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கி, விட்ட பிறகு முன்பைவிட மோசமாக்கும்.

புதிய பொருளைக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு வாருங்கள். டப்பாவில் திறந்த மூடி படமும் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். மஸ்காரா மூன்று மாதம்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் சன்ஸ்கிரீன், அடுத்து ஒரு கன்சீலர், கன்னத்துக்கும் ஆகும் ஒரு லிப்ஸ்டிக், ஒரு மைப் பென்சில். இந்த நான்கிலேயே முழு ஒப்பனை அடங்கும்.

பத்து நிமிட வரிசை

1. முகம் கழுவி மாய்ஸ்சரைசர், லிப் பாம், சன்ஸ்கிரீன். ஐந்து நிமிடம் வேறு வேலை. பத்து நிமிடக் கணக்கு இதற்குப் பிறகுதான்.
2. கருவளையத்துக்குக் கரெக்டர், அதன் மேலும் வடுக்களின் மேலும் கன்சீலர்: மூன்று நிமிடம்.
3. தேவைப்பட்டால் முக நடுவில் ஃபவுண்டேஷன்: ஒரு நிமிடம்.
4. கிரீம் பிளஷ், மூன்று இடத்தில் பவுடர்: ஒரு நிமிடம்.
5. புருவம், மை, மஸ்காரா: மூன்று நிமிடம்.
6. லிப்ஸ்டிக், பொட்டு: ஒரு நிமிடம்.
7. ஜன்னல் வெளிச்சத்தில் தாடை ஓரத்தையும் கழுத்தையும் சேர்த்துப் பார்ப்பது: ஒரு நிமிடம். கோடு தெரிந்தால் ஸ்பாஞ்சால் தட்டிக் கரையுங்கள்.

ஒப்பனை போட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. பரு சீழ் பிடித்திருக்கும் நாளிலும், கண் சிவந்திருக்கும் நாளிலும், மனசுக்குத் தோன்றாத நாளிலும் சன்ஸ்கிரீனோடு கிளம்பலாம். போடும் நாளில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: நாளும் உங்களைப் பார்ப்பவர்கள் ‘இன்னைக்கு நல்லா இருக்கியே’ என்றால் ஒப்பனை சரியாக அமைந்திருக்கிறது. ‘இன்னைக்கு கலரா இருக்கியே’ என்றால் மறுநாள் ஒரு ஷேடு அடர்ந்ததை எடுங்கள்.